சேர்த்தாயிற்று, பிறகு?

மலேசியாவில் சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு: தனிச் சிறப்புப் பள்ளி, பொதுப்பள்ளிக்குள்ளேயே தனி வகுப்பாக நடக்கும் ஒருங்கிணைப்புத் திட்டம், மற்ற மாணவர்களோடு ஒரே வகுப்பில் அமரும் உள்ளடக்கக் கல்வி. 2013–2025 கல்விப் பெருந்திட்டம் இவர்களில் 75 விழுக்காட்டினரை மூன்றாவது வழிக்குக் கொண்டுவர இலக்கு வைத்தது. மஸ்லி மாலிக் கல்வி அமைச்சராக இருந்தபோது, 2019இல், 'யாரையும் நிராகரிப்பதில்லை' என்ற கொள்கை நடப்புக்கு வந்தது. சேர்க்கை எண்ணிக்கை உயர்ந்ததையே வெற்றிக்குச் சான்றாகக் காட்டுவது அன்றுமுதல் வழக்கமாகிவிட்டது. கடும் குறைபாடுள்ள பிள்ளைகளின் பக்கமிருந்து பார்த்தால் அந்தச் சான்று நிற்காது.

கொள்கையின் நன்மை சிறிதல்ல. 1997ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிகள், பிறர் உதவியின்றித் தன்னைக் கவனித்துக்கொள்ளும் பிள்ளையையே கல்விக்குத் தகுதியுள்ளதாகக் கொண்டன. பல குறைபாடுகள் சேர்ந்தவர்களையும் கடும் மனவளர்ச்சிக் குறையுள்ளவர்களையும் வெளிப்படையாகவே விலக்கின. தூரமும் ஒரு தடையாக இருந்தது. பினாங்கில் செவித்திறன் குறைந்தோருக்கான பள்ளி 1954இல் தஞ்சோங் பூங்காவில், தீவின் வடகரையில் தொடங்கியது. அதே மாநிலத்தின் பைராம் தோட்டமோ நிபோங் திபாலுக்குப் பக்கத்தில், பெருநிலத்தின் தென்கோடியில். தோட்டக் குடும்பத்துக்கு அது பிள்ளையைக் கடல் தாண்டி விட்டுவரும் காரியம். பக்கத்துப் பள்ளியில் இடம் கிடைப்பது அப்படிப்பட்டவர்களுக்கு மெய்யான ஆதாயம். மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகையும் உண்டு.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இந்த ஏற்பாடு பிள்ளையைத்தான் சோதிக்கிறது, பள்ளியைச் சோதிப்பதில்லை. 2013ஆம் ஆண்டு விதிகள் மூன்று மாதத்துக்கு மிகாத சோதனைக் காலத்தைப் பிள்ளைக்கு வைத்தன. பள்ளிக்கு அப்படி ஒன்றை வைக்கவில்லை. பொது வகுப்புக்கு அனுப்பப்படுவது, அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்கும் என்று ஆசிரியர்கள் நம்பும் பிள்ளை. எனவே எண்ணிக்கை ஏறும்போது எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளையும் லேசான ஆட்டிசம் உள்ள பிள்ளையும்தான் முதலில் கணக்கில் சேர்கிறார்கள். பேச்சில்லாமல் சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளை மிச்சமுள்ள 25 விழுக்காட்டில் தங்கிவிடுகிறது. இலக்கை 75 என்று வைத்தபோதே யாரை விடப்போகிறோம் என்பதும் முடிவாகிவிட்டது.

அந்தப் பிள்ளையே பொது வகுப்புக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டாலும் சிக்கல் தீராது. மூளை முடக்குவாதமுள்ள ஒரு மாணவியை அவ்வப்போது நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், உடை மாற்ற வேண்டும். இடைவேளை இருபது நிமிடம்; மசித்த சோறு மூச்சுக்குழலில் இறங்கிவிடாமல் ஊட்டி முடிக்க அது போதாது. முப்பது பேரை வைத்துப் பாடம் நடத்தும் ஆசிரியரால் இதைச் செய்ய முடியாது. செய்யச் சொல்வதும் நியாயமில்லை. இதற்கென்றே இருக்கும் மாணவர் நிர்வாக உதவியாளர் ஒருங்கிணைப்புத் திட்டத்தின் தனி வகுப்பைச் சேர்ந்தவர். பிள்ளை பொது வகுப்புக்குப் போனால் அவரும் கூடவே போவார் என்பதற்கு உறுதியில்லை. திட்டமே இல்லாத பள்ளியில் அம்மா வாசலில் காத்திருக்கிறார், அல்லது குடும்பம் கைக்காசு கொடுத்து ஆள் வைக்கிறது. இதையும் அமைச்சின் சாதனைக் கணக்கில் எழுதிக்கொள்ளத் தனித் துணிச்சல் வேண்டும்.

தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னோர் இழப்பும் உண்டு. பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. சிறப்புக் கல்வி வகுப்பு எல்லாவற்றிலும் இல்லை. இல்லாத இடத்தில் அண்ணன் தமிழ்ப்பள்ளிக்கும் தங்கை தேசியப் பள்ளிக்கும் போகிறார்கள். பேச்சுக்குப் பதிலாகப் பட அட்டையைக் காட்டப் பழகும் அந்தத் தங்கைக்கு, தண்ணீர்க் குவளைப் படத்தை ஆசிரியர் மலாயில் சொல்லிக் கொடுக்கிறார். வீட்டில் பாட்டிக்குத் தமிழ் மட்டுமே வரும். பாடுபட்டுக் கற்றது பள்ளி வேனோடு திரும்பிப் போய்விடுகிறது. தமிழ்ப்பள்ளிகளில் மாணவர் குறைகிறார்கள் என்று ஆண்டுதோறும் கவலைப்படுபவர்கள் இந்தப் பிள்ளைகளைக் கணக்கில் எடுப்பதில்லை.

வாசலை முதலில் திறந்தால் வசதிகள் பின்னால் வரும் என்பது கொள்கையின் ஆதரவாளர்கள் சொல்லும் சமாதானம். இத்தாலி அப்படிக் காத்திருக்கவில்லை. 1977இல் 517ஆம் எண் சட்டத்தால் சிறப்பு வகுப்புகளை ஒழித்தபோது, துணையாசிரியர் வேண்டும் என்பதையும் இத்தகைய பிள்ளை உள்ள வகுப்பில் 20 பேருக்கு மேல் கூடாது என்பதையும் அதே சட்டத்தில் எழுதியது. மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமும் 28ஆம் பிரிவில், கல்விக்கு வேண்டிய வசதிகளைச் செய்து தரச் சொல்கிறது. ஆனால் அது இயற்றப்பட்டபோது, செய்யாதவர்களுக்குத் தண்டனை எதுவும் வைக்கப்படவில்லை. அரசு மீது வழக்குத் தொடர்வதிலிருந்து பாதுகாப்பு மட்டும் 41ஆம் பிரிவில் இடம்பெற்றது. உதவியாளர் கிடைக்காத பெற்றோர் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். அதற்கு மேல் அவர்களைக் கொண்டுபோக அந்தச் சட்டத்தில் வழியில்லை.