தறிச் சத்தமும் தட்டுவடைச் சத்தமும்

தட்டுவடை செட்டைப் பாதி கடிக்கக் கூடாது. முழுசாக வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். சேலத்துக்கு வருகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான். பாதி கடித்தால் மேல் தட்டு உடைந்து, நடுவில் இருக்கும் கேரட்டும் பீட்ரூட்டும் சட்டைமேல் கொட்டும். அதைவிடப் பெரிய நஷ்டம், முதல் ‘நறுக்’ வெளியே சிதறிவிடும். வாய் மூடியிருந்தால்தான் அந்தச் சத்தம் காதுக்குள் முழுதாகக் கேட்கும்.

சேலம் போகிறேன் என்றால், “ஏற்காட்டுக்கா?” என்றுதான் கேட்பார்கள். பஸ் மாற இறங்குகிற ஊர் என்றே பலருக்கும் சேலத்தைத் தெரியும். அவசரமாக வருகிறவர்களுக்கு இந்த ஊர் வெயிலையும் நெரிசலையும் மட்டும் காட்டி அனுப்பிவிடும். ஊர்க்காரர்கள் எந்த நேரத்தில் எங்கே இருக்கிறார்களோ, அந்த நேரத்தில் அங்கே போய் நின்றால் மெல்லப் பேச ஆரம்பிக்கும்.

வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை, வடகிழக்கில் சேர்வராயன் மலை. மலைகள் சூழ்ந்த இடம் என்பதால் ‘சைலம்’, அது மருவிச் ‘சேலம்’ என்று பெயர்க்காரணம் சொல்வார்கள். சித்திரை மாதத்தில் இந்த மலைகளுக்கு நடுவே வந்து உட்காரும் சூடு, இருட்டிய பிறகும் எழுந்து போகாது. தென் ஸ்பெயினில் செவில் என்று ஒரு பழைய நகரம் உண்டு. அங்கேயும் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வெயில். மத்தியானம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, பொழுது சாய்ந்ததும் ஊரே தெருவுக்கு வந்து, கடை வாசலில் நின்றபடி சின்னச் சின்னத் தட்டுகளில் ‘தபாஸ்’ சாப்பிடும். அந்த ஊர்க்காரர் ஒருவர் சாயங்காலம் ஆறரை மணிக்குச் சேலம் அம்மாப்பேட்டையில் வந்து நின்றால், மொழிதான் தெரியாதே தவிர, பழக்கம் முழுவதும் தெரிந்திருக்கும்.

சேலத்தின் முதல் நேரம் விடியற்காலை. பழைய பஸ் ஸ்டாண்டை இடித்து ஈரடுக்கு நிலையமாகக் கட்டியாகிவிட்டது. ஊர் வாயில் இன்னும் அது ‘பழைய பஸ் ஸ்டாண்டு’தான். அதை ஒட்டிய வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்கு வெளிச்சம் வருவதற்கு முன்பே போய்விட வேண்டும். குண்டுமல்லி, சன்னமல்லி, சம்பங்கி, சாமந்தி, நந்தியாவட்டை என்று மூட்டைகள் பிரிந்துகொண்டிருக்கும். நான் தேடிப் போவது அரளியை. பனமரத்துப்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் அரளி அது. மல்லிகைக்கு வாசனை இருக்கிறது, அதனால் கவிதையும் இருக்கிறது. வாசனைக்குப் பேர் வாங்காத அரளி, நிறத்தாலும் உழைப்பாலும் மட்டுமே சாமி கழுத்துக்குப் போகிறது. மொட்டாகத்தான் வரும். மலர்வதற்குள் கட்டி முடித்தாக வேண்டும். ஈரச் சாக்கின் மேல் குவிந்த செவ்வரளி மொட்டுகள் விளக்கு வெளிச்சத்தில் மிளகாய்க் குவியல் போலத் தெரியும். கட்டுகிற அம்மாளின் விரல்கள் பூவைப் பார்ப்பதில்லை. கண் வாடிக்கையாளர் மேல் இருக்கும், பேச்சு பக்கத்துக் கடைக்காரியோடு நடக்கும், விரல் மட்டும் முழம் முழமாக ஓடிக்கொண்டிருக்கும்.

பூவோடு நடந்தால் சில நிமிஷத்தில் சுகவனேசுவரர் கோயில். சுகம் என்றால் கிளி. சுக முனிவர் கிளி உருவில் வழிபட்ட வனம் இது என்பது தலபுராணம். இங்குள்ள முருகனை அருணகிரிநாதர் பாடியிருக்கிறார். வெளியூர்க்காரர்கள் கோபுரத்தைப் படம் எடுத்துவிட்டுப் போவார்கள். உள்ளூர்க்காரர்கள் கும்பிட்டு முடித்துத் தூண் ஓரமாகக் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுவார்கள். காலைக் குளிர்ச்சி கல்லில் தங்கியிருக்கும் அந்தச் சில நிமிஷம் பகல் முழுவதற்குமான முதலீடு.

பத்து மணிக்கு மேல் செவ்வாய்ப்பேட்டை. செவ்வாய்க்கிழமைச் சந்தை கூடியதால் வந்த பெயர் என்பார்கள். லீ பஜார் பக்கம் வெல்லம், பருப்பு, மிளகாய் என்று ஒவ்வொரு பத்தடிக்கும் ஒரு வாசனை. அதைத் தாண்டிச் சந்துக்குள் நுழைந்தால் வெள்ளிப் பட்டறைகள். சேலத்துக் கொலுசு ஒரே வீட்டில் பிறப்பதில்லை. ஒரு வீட்டில் வெள்ளியை உருக்குவார்கள். இன்னொரு வீட்டில் கம்பியாக இழுப்பார்கள். கண்ணி கோப்பது ஓரிடம், பொடி வைத்துப் பற்றவைப்பது ஓரிடம், மணி கட்டுவது ஓரிடம், மெருகு போடுவது ஓரிடம். காலில் ஏறும் முன்பே கொலுசு ஊர்வலம் போய்விடுகிறது.

பட்டறை ஒன்றின் வாசலில் ஒரு முறை வெகுநேரம் நின்றேன். ஒரு பெரியவர் முடிந்த கொலுசைக் கையில் எடுத்தார். எடை போடவில்லை, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவும் இல்லை. காதருகே கொண்டுபோய் ஒரு முறை குலுக்கினார். முகம் சுளித்துத் தனியே வைத்தார். அடுத்ததைக் குலுக்கினார், இந்தப் பக்கம் வைத்தார். எனக்கு இரண்டும் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. “இதுல ஒரு மணி ஊமைங்க. கேட்டுப் பாருங்க” என்று முதல் கொலுசை என்னிடம் நீட்டினார். மூன்று முறை குலுக்கிய பிறகுதான், அத்தனை சிணுங்கலுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளம் இருப்பது தெரிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பள்ளத்தைத் தவிர வேறெதுவும் காதில் விழவில்லை. இந்த ஊரைக் காதால் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தந்தவர் அவர்தான்.

மத்தியானம் ஊர் அடங்கும். கடைவீதியில் அலைவதை அந்த நேரத்தில் ஊர்க்காரர் யாரும் செய்யமாட்டார். அப்போது குகைப் பக்கம் போகலாம், அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டைத் தெருக்களுக்கும் போகலாம். ஒரே தெருவில் தமிழோடு கன்னடம், தெலுங்கு, சௌராஷ்டிரம் எல்லாம் காதில் விழும். நெசவு கொண்டுவந்து சேர்த்த குடும்பங்கள். விசைத்தறியும் கைத்தறியும் அடுத்தடுத்த வீடுகளில் ஓடும். கண்ணை மூடிக்கொண்டே பிரித்துச் சொல்லிவிடலாம். விசைத்தறிக்கு இடைவெளி கிடையாது, மழை கொட்டுவது மாதிரி ஒரே தாளம். கைத்தறிக்கு மூச்சு உண்டு. நாடா ஒரு பக்கம் போகும், அச்சு வந்து தட்டும், மிதி மாறும். திடீரென்று எல்லாம் நின்றுவிடும். இழை அறுந்திருக்கும். பாவில் அந்த ஒற்றை இழையைத் தேடிப் பிடித்து, விரல் நுனியில் முடிந்து, நெசவாளர் மறுபடி உட்காரும் வரை தெருவே காத்திருப்பது போல ஓர் அமைதி. பிறகு டக், டக்.

அந்த நிறுத்தங்களையும் சேர்த்துத்தான் சேலம் வெண்பட்டு நெய்யப்படுகிறது. கல்யாண வேட்டி வாங்குகிறவர்கள் ஜரிகைக் கரையைத்தான் முதலில் பார்ப்பார்கள். நயம் உடம்புப் பகுதியில் இருக்கிறது. அங்கே பூ இல்லை, கட்டம் இல்லை, கண்ணைத் திருப்பிவிட எதுவும் இல்லை. முழுக்க வெள்ளை. ஒரு இழை தளர்ந்தாலும் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. வேட்டியை விரித்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் குறுக்கே பிடித்துப் பாருங்கள். சுண்ணாம்பின் வெள்ளையாக இருக்காது. காய்ச்சிய பாலில் ஆடை படியத் தொடங்கும்போது ஒரு நிறம் வருமே, அது.

இப்போது சாயங்காலம். தள்ளுவண்டியில், வீட்டுத் திண்ணையில், தெருமுனை மேசையில், எங்கும் தட்டுவடை செட். தட்டுவடை என்றால் வடை இல்லை. ஒரு வாய்க்கு அளவான சின்னத் தட்டை. மொறுமொறுப்புக் குறையாதது. அதை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கரண்டி நுனி சிவப்புச் சட்னி, பூண்டும் மிளகாயும் அரைத்தது. துருவிய கேரட், பீட்ரூட், பொடியாக அரிந்த வெங்காயம், மல்லித்தழை. மேலே மூடப்போகும் தட்டுவடையில் புதினா போட்ட பச்சைச் சட்னி. மாங்காய்க் காலமாக இருந்தால் அதையும் துருவித் தூவுவார்கள்.

“அக்கா, ரெண்டு செட்டு.”

“காரம் தூக்கலா, மட்டா, கண்ணு?”

“மட்டாவே போடுங்க.”

மட்டு என்று சொன்னாலும் மூக்கில் நீர் வரும். செட்டுக்கு ஆயுள் குறைவு. சட்னி தட்டுவடையில் ஊறுவதற்குள் வாய்க்குள் போயாக வேண்டும். அதனால்தான் எல்லோரும் நின்றுகொண்டே, பேச்சை நிறுத்திவிட்டுச் சாப்பிடுகிறார்கள். முதலில் நறுக், அடுத்து பீட்ரூட்டின் குளிர்ச்சி, அதன் பின்னால் பூண்டு, எல்லாம் முடிந்து மூச்சை இழுக்கும்போது புதினா. ஒரே வாய்க்குள் நாலு கட்டம். வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்டால் தட்டுவடை தனி, காய் தனி, சட்னி தனியாகக் கட்டித் தருவார்கள். கலந்து கட்டித் தந்தால் அது வேறு பண்டம் ஆகிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

எந்த மாதத்தில் வருவது என்று கேட்டால் இரண்டைச் சொல்வேன். ஒன்று மாம்பழ மாதம். சின்னக் கடைவீதியில் மல்கோவா வரும் வரை பொறுத்திருப்பதுதான் சேலத்துக்காரர் பழக்கம். செந்தூரா முன்னால் வந்துவிடும். வாங்கிச் சாப்பிடலாம், ஆனால் அதோடு திருப்திப்பட்டு ஊர் திரும்பக் கூடாது. மற்றொன்று ஆடி. கோட்டை மாரியம்மன் தொடங்கிப் பேட்டைக்குப் பேட்டை மாரியம்மன் பண்டிகை. குகையில் ‘வண்டி வேடிக்கை’ நடக்கும் இரவில், சாமி வேஷம் கட்டிய மனிதர்கள் அலங்கார வண்டிகளில் அசையாமல் நின்று ஊர்வலம் வருவார்கள். சிவனாக நிற்பவர் நாளைக் காலையில் தறியில் உட்காருகிறவராக இருக்கலாம். தெருவில் நிற்கும் குழந்தைக்கு அது தெரியும். தெரிந்தும் கைகூப்பும்.

வேஷத்தில் இவ்வளவு பிரியம் வைத்த ஊரில் சினிமா வேர்விட்டது ஆச்சரியமில்லை. டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூறு படங்களுக்கு மேல் எடுத்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் இங்கிருந்துதான் வந்தது. ஏற்காடு சாலையில் இப்போது அந்த ஸ்டுடியோவின் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது. இரவு அதன் எதிரில் கொஞ்சம் நின்றுவிட்டு நிமிர்ந்து பாருங்கள். சேர்வராயன் மலையின் இருட்டில் ஏற்காட்டு விளக்குகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். அங்கே போகிறவர்கள் சேலத்தின் விளக்குகளைப் பார்த்து வியப்பார்கள். நான் கீழேயே இருந்துகொள்கிறேன்.

ஊர் திரும்பியதும் ஒன்று செய்யுங்கள். வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கொலுசு போட்ட குழந்தை ஓடும்போது, பேச்சை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். சேலத்துச் சந்து ஒன்றில் யாரோ காதருகே குலுக்கிப் பார்த்து, ஊமை மணி இல்லை என்று உறுதி செய்து, இந்தப் பக்கம் எடுத்து வைத்த கொலுசாக அது இருக்கலாம்.