மனு வாங்கும் சபை

கூட்டம் போட்டால் மக்கள் வருவதில்லை என்று சிறுநகரங்களில் கவுன்சிலர்களும் அதிகாரிகளும் அலுத்துக்கொள்கிறார்கள். வந்தவர்களுக்கு அங்கே என்ன வேலை கொடுத்தோம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கிராமத்தில் கிராம சபை உண்டு. அங்கே வரவு செலவை வைத்தாக வேண்டும்; மக்கள் தீர்மானம் போடலாம். அதே ஊரை நகராட்சியோடு இணைத்துவிட்டால் அந்தச் சபை போய்விடும், ஊரக வேலை உறுதித் திட்டமும் போய்விடும். இணைப்பு அறிவிப்பு வந்த ஊர்களில் மக்கள் மறியலில் இறங்கியதில் வியப்பில்லை. 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வார்டு குழுக்களைக் கட்டாயமாக்கியது, ஆனால் 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு மட்டும். சிறுநகரம் அந்தக் கணக்கில் வரவில்லை. போதாக்குறைக்கு, தமிழ்நாட்டில் 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை நகர்ப்புறங்களில் கவுன்சிலரே கிடையாது. தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள். ஐந்தாண்டுக்கு மேல் கேட்க ஆளில்லாத ஊரில் கேட்கும் பழக்கமும் விட்டுப்போகும்.

அதனால் 2022இல் வார்டு குழு, பகுதி மக்கள் கூடும் பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் வந்ததை மனமார வரவேற்கிறேன். அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று நகரங்களில் பகுதி சபைகள் கூடின. சிறுநகரில் இதற்கு ஓர் இயல்பான பலமும் உண்டு: கவுன்சிலர் எட்டிப் பிடிக்கக்கூடிய மனிதர். காலையில் டீக்கடையில் சொன்ன தெருவிளக்கு மறுநாள் எரிந்துவிடும். பெருநகரத்தில் இதை நினைத்துப் பார்க்க முடியாது.

ஆனால் அந்தப் பலம் தெருவிளக்கோடு நின்றுவிடுகிறது. நான் பார்த்த ஒரு கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து, புதிதாகக் கட்டும் வடிகால் தங்கள் வாசலைவிட உயரமாக இருக்கிறது, மழை பெய்தால் தண்ணீர் வீட்டுக்குள்தானே வரும் என்று கேட்டார். எஸ்டிமேட் போட்டாகிவிட்டது, வேலை உத்தரவும் கொடுத்தாகிவிட்டது, மனுவாக எழுதிக் கொடுங்கள் என்று பதில் வந்தது. அந்தத் தெருவில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது அங்கே குடியிருக்கும் எல்லோருக்கும் தெரியும். டெண்டருக்கு முன்னால் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை.

குறை இங்கேதான் இருக்கிறது. மன்றக் கூட்டத்தின் அஜெண்டா உறுப்பினர் கைக்குப் போகிறது, தெருவுக்கு வருவதில்லை. பொருள்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டு ஏகமனதாக நிறைவேறுகின்றன. மக்களைக் கூப்பிடுவது பிறகுதான். பகுதி சபைப் பிரதிநிதியை வாக்காளர்கள் தேர்ந்தெடுப்பதும் இல்லை. நியமனம் என்றால் சிறுநகரில் அது கட்சிக்காரருக்கோ சொந்தக்காரருக்கோ எளிதில் போய்ச் சேரும்.

மக்கள் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. வருகிறவர்களில் பலர் தங்கள் தெரு பேவர் பிளாக்கைப் பேசிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். குப்பைக் கிடங்குக்குப் பக்கத்தில் குடியிருப்பவர், வாடகைக்கு இருப்பவர், தூய்மைப் பணியாளர் ஆகியோரின் குரல் கேட்பதே இல்லை. வேலை நாளில் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் தினக்கூலி எப்படி வருவார்? தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்பது பெரிய வெற்றி. உறுப்பினரின் நாற்காலிக்குப் பக்கத்தில் அவர் கணவர் நின்று பதில் சொல்லும் ஊர்களில் அந்த வெற்றியும் பாதியாகிறது.

வந்தவர்களுக்கு வேலை கொடுத்த சபைகளும் உண்டு. கேரளத்தில் 1996இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கினார்கள். நகரங்களிலும் வார்டு சபைகள் கூடின. அங்கேயும் கட்சிப் பிடி இருந்தது, போகப் போகக் கூட்டமும் குறைந்தது. ஆனாலும் வந்தவர் முன்னால் பிரிக்க வேண்டிய பணம் இருந்தது; எது முதலில் என்று சண்டை போட ஒரு காரணம் இருந்தது.

மக்களை முன்கூட்டியே கேட்பதற்கு நம் நகராட்சிகளும் பேரூராட்சிகளும் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அஜெண்டாவை மன்றம் கூடுவதற்கு ஒரு வாரம் முன்பே ரேஷன் கடைச் சுவரில் ஒட்டலாம். ஒரு தெருவுக்கான எஸ்டிமேட்டை அந்தத் தெருவிலேயே, மாலை ஏழு மணிக்கு மேல், பொறியாளர் வாசித்துக் காட்டலாம். அப்படிச் செய்திருந்தால் அந்த வடிகாலின் மட்டத்தைக் காகிதத்திலேயே திருத்தியிருக்கலாம்.