குடிமதிப்பு எண்களும் இணையமும்: திருநெல்வேலி சுருங்கிய கதை

1901ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் திருநெல்வேலி மாவட்டத்தின் மக்கள்தொகை 20,59,607. 2011இல் 30,77,233. இவ்விரு எண்களையும் இணையத்தில் எவரும் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். எடுத்தவர் வகுத்துப் பார்த்தால், 110 ஆண்டுகளில் மாவட்டம் ஒன்றரை மடங்குதான் பெருகியது என்ற முடிவுக்கு வருவார். அதே காலத்தில் தமிழ்நாட்டின் தொகை 1,92,52,630இலிருந்து 7,21,47,030 ஆயிற்று. ஏறத்தாழ மூன்றேமுக்கால் மடங்கு. தாமிரபரணி பாயும் சீமையில் மட்டும் மக்கள் பெருகாமற் போனதேன்? பஞ்சமா, நோயா, எல்லாரும் கப்பலேறிப் போனார்களா?

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சுருங்கியது மாவட்டத்தின் எல்லை. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைந்தபோது வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர்ப் பகுதிகள் பிரிந்து போயின. 1956 நவம்பர் 1இல் செங்கோட்டை வந்து சேர்ந்தது. 1986இல் தூத்துக்குடிப் பகுதி வ. உ. சிதம்பரனார் மாவட்டமாகத் தனியே போயிற்று. 2011இல் அம்மாவட்டத்தின் தொகை 17,50,176; அதைக் கூட்டினால் 48 லட்சத்தைத் தாண்டி, பெருக்கம் 2.3 மடங்காக உயர்ந்துவிடுகிறது. வடக்கே போன தாலுகாக்களையும் கூட்டிய பிறகு எஞ்சும் வேறுபாட்டுக்குத்தான் பஞ்சத்தையும் கப்பலையும் தேட வேண்டும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை இதை அறியாததன்று. அதன் இணையதளத்தில் ‘ஏ-2’ என்ற அட்டவணை 1901 முதலான தொகைகளை 2011இன் மாவட்ட எல்லைக்குள் திருத்திக் கொடுக்கிறது. நம்முடைய குறை, அதை எடுத்து ஆளும் தனியார் தளங்களின் மீது. ஒரு தளம் பழைய கெசட்டியர் எண்ணையும் புதிய எண்ணையும் அருகருகே ஒட்டுகிறது. இன்னொன்று ‘2024இல் திருநெல்வேலி மக்கள்தொகை’ என்று கடைசி இலக்கம் வரை துல்லியமாக எழுதுகிறது. 2011க்குப் பின் அந்த ஆண்டுவரை எவரும் வீடு வீடாகச் சென்று எண்ணவில்லையே! 2001க்கும் 2011க்கும் இடைப்பட்ட 13 விழுக்காட்டு வளர்ச்சியை நீட்டிப் போட்ட கணிப்புகள் இவை. கணிப்பது குற்றமில்லை, கணிப்பு என்று சொல்லாதது குற்றம்.

துறையின் தளத்துக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிக்கைகள் முதல் 2011 வரை அங்கே இலவசமாகக் கிடைப்பது பெரும் கொடை. 1871இல் மாவட்டத் தொகை 16,93,959, 1881இல் 16,99,747. பத்தாண்டில் கூடியது 5,788 பேர்தாம். இடையில் வந்தது 1876–78 பெரும்பஞ்சம். ஆற்றுப்பாசனத் தாலுகா எப்படித் தாங்கியது, கரிசல் தாலுகா எப்படித் தாங்கியது என்பதை மாவட்ட மொத்தம் சொல்லாது. தாலுகா அட்டவணைக்கு இறங்க வேண்டும். அங்கேதான் தமிழ்வழி மாணவன் தடுக்கி விழுகிறான். திருநெல்வேலி ‘டின்னவேலி’யாகவும், பாளையங்கோட்டை ‘பாளம்கோட்டா’வாகவும், சேரன்மகாதேவி ‘ஷெர்மாதேவி’யாகவும் ஒளிந்திருக்கின்றன. தமிழில் தேடினால் ஒன்றும் அகப்படுவதில்லை. தமிழ்நாட்டு ஊர்களைப் பற்றிய ஏட்டில் அவ்வூர்களின் தமிழ்ப் பெயரை ஒரு கட்டத்தில் சேர்ப்பது அத்தனை பெரிய வேலையா?

2011 மாவட்டக் கையேட்டில் ஊர்தோறும் வீடுகள், பள்ளி, குடிநீர், பாசனம் எனப் பல விவரங்கள் உள்ளன. தன் ஊரைக் காணோம் என்று பலர் கைவிடுகிறார்கள். கணக்கெடுப்பின் அலகு வருவாய்க் கிராமம். அதில் அடங்கிய சிற்றூருக்குத் தனி வரிசை இராது. கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், முக்கூடல் போன்ற பேரூராட்சிகளைக் கிராமப் பட்டியலில் தேடினால் கிடைக்கா. நகரப் பட்டியலில், வார்டு வாரியாக இருக்கும். கிராமத்துக்கு ஆறிலக்கக் குறியீடு ஒன்று உண்டு. அதைக் குறித்துக்கொண்டால் எழுத்துக்கூட்டல் தொல்லை இல்லை.

தாத்தாவின் பெயரைத் தேடுவோருக்கு ஒரு சொல். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு தனிமனிதர் விவரங்களைப் பார்வைக்குத் திறப்பதில்லை. பிரிட்டனில் 1921ஆம் ஆண்டுப் படிவங்கள் 2022இல் திறக்கப்பட்டன. அதைப் பார்த்து இங்கும் எதிர்பார்ப்பது வீண்.

எண்களையும் அப்படியே விழுங்க வேண்டியதில்லை. முக்கூடல், மேலப்பாளையம் பகுதிகளில் பெண்கள் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறார்கள். அட்டவணையில் ‘குடும்பத் தொழில்’ என்ற கட்டம் இவர்களுக்கானது. ஆனால், “என்ன வேலை பாக்கீங்க?” என்று கேட்டால், “சும்மா வீட்லதான் இருக்கேன்” என்று சொல்லும் அக்காமார் எத்தனை பேர்! கணக்கெடுப்பவர் பீடித்தட்டைப் பார்த்து இன்னொரு கேள்வி கேட்டால் அவர் உழைப்பாளி, கேட்காவிட்டால் உழைக்காதவர். இரண்டு ஊர்களின் பெண் உழைப்பாளர் விகிதம் பெரிதும் வேறுபட்டால், தொழிலோடு கேள்வியும் வேறுபட்டதா என்று ஐயுறலாம்.

2025 ஜூனில் வந்த அறிவிப்பின்படி அடுத்த கணக்கெடுப்புக்கு ஆதார நாள் 2027 மார்ச் 1. 2019இல் பிரிந்த தென்காசி அதில் முதன்முறையாகத் தனி மாவட்டமாக நிற்கும். 30,77,233க்கு எதிரே திருநெல்வேலிக்கு மிகச் சிறிய எண் ஒன்று அச்சாகும். சேரன்மகாதேவிக்காரர் அதைக் கண்டு திடுக்கிடாமலிருக்க, அதே பக்கத்தில் தமிழில் ஓர் அடிக்குறிப்பு வேண்டும்.