ரூத்துக்குத் திறந்த கதவு

மான்செஸ்டர் நகரில் யூனிட்டேரியன் சபையொன்றின் ஆயராயிருந்த வில்லியம் கேஸ்கெலின் துணைவியார் எலிசபெத் கேஸ்கெல், 1853இல் 'ரூத்' என்னும் புதினத்தை வெளியிட்டார். ஆலயத்தில் அவர் அருகே அமரும் இருவர் அதன் முதற்பாகத்தை எரித்துவிட்டனர். திருமணமாகாத ஓர் இளம்பெண் கருவுற்றதையும், போதகர் ஒருவர் அவளைத் தம் இல்லத்தில் ஏற்றதையும் அந்நூல் கூறியதே காரணம். ஆசிரியையின் சபைக் கோட்பாட்டை நாம் ஏற்பதில்லை. எனினும் மேய்ப்புப் பணியைப் பயில்வோர்க்கு இந்நூலில் கற்கவும் கண்டிக்கவும் நிரம்ப உண்டு.

கதை சுருக்கமானது. ரூத் பெற்றோரை இழந்தவள். தையற்கடையில் தொழில் பயிலுகிறாள். 16 வயது நிறையாதவள். 23 வயதுச் செல்வன் பெலிங்காம் அவளோடு பழகுகிறான். இதைக் கண்ட கடைத்தலைவி அவளை விலக்கிவிட, போக்கிடமற்றவளை அவன் லண்டனுக்கும் பின்னர் வேல்ஸுக்கும் அழைத்துச் செல்கிறான். அங்கு அவன் நோயுறுகிறான். வந்து சேர்ந்த தாய் அவனை அழைத்துக்கொண்டு போய்விடுகிறாள். கைவிடப்பட்ட ரூத் உயிரை மாய்த்துக்கொள்ள ஓடுகிறாள். முதுகு கூனிய போதகர் பென்சன் அவளைத் தடுக்கப் பின்தொடர்ந்து, இடறி விழுந்து, வலியால் கதறுகிறார். அக்குரல் கேட்டு அவள் திரும்பி வந்து அவருக்கு உதவுகிறாள்.

நூலின் உயர்ந்த பகுதி இதுவே என்பேன். இங்கே அருளுரை இல்லை, விசாரணையும் இல்லை. காப்பாற்றச் சென்றவர் தாமே உதவி வேண்டி நிற்கிறார். தன்னாலும் ஒருவருக்குப் பயனுண்டு என்று உணர்ந்த சிறுமி வாழ்வுக்குத் திரும்புகிறாள். அவள் கருவுற்றிருப்பது தெரிந்தபோதும், பிறக்கவிருக்கும் குழந்தையை அவமானத்தின் சின்னமாகப் பென்சன் காணவில்லை. அவளை மீட்கக்கூடிய கருவியாகவே காண்கிறார். 1850இல் சிறையிலிருந்த 16 வயதுப் பெண்ணொருத்தியை வெளிநாட்டில் குடியமர்த்த, சார்லஸ் டிக்கன்ஸின் உதவியை நாடியவர் இவ்வாசிரியை. அவ்வனுபவத்தின் உண்மை இப்பக்கங்களில் ஒலிக்கிறது.

ஆனால் அடைக்கலம் தந்த வீடே ஒரு பொய்யின்மேல் நிற்கிறது. போதகரின் தமக்கை ஃபெய்த் யோசனை கூற, ரூத் இளம் விதவை என்று ஊருக்கு அறிவிக்கப்படுகிறாள். பணிப்பெண் சாலி அவள் கூந்தலையும் வெட்டிவிடுகிறாள். ஆண்டுகள் கழித்து உண்மை வெளிப்படும்போது, சபையின் செல்வர் பிராட்ஷா அவளைத் தம் வீட்டு ஆசிரியைப் பணியினின்றும் துரத்துகிறார். ஆலயத்தில் அவர் இருக்கை வெறுமையாகிறது. பொய் தவறென்று பென்சன் ஒப்புக்கொள்கிறார். உண்மைதான். ஆயினும் அப்பொய்யைத் தேவையாக்கியது எது? உண்மையைத் தாங்க இயலாத சபையன்றோ?

இதனினும் பெரிய குறை வேறொன்று உண்டு. நூல் முழுவதும் ரூத் தன் பாவத்துக்காக வருந்துகிறாள். பென்சனும் அவளிடம் அதையே எதிர்பார்க்கிறார். ஒரு சிறுமிக்கு இழைக்கப்பட்ட தீங்கு, அவள் செய்த பாவமாகவே எழுதப்பட்டுவிட்டது. அக்கால இங்கிலாந்தின் சட்டம் பெண்ணின் இசைவுக்கு 12 வயதே போதும் என்றது. 1885இல்தான் அது 16ஆக உயர்ந்தது. சட்டம் காணத் தவறியதை ஆசிரியை பாதி கண்டார், மறுபாதியைக் காணவில்லை. பெலிங்காமோ பெயரை மாற்றிக்கொண்டு, பாராளுமன்ற வேட்பாளராக மதிப்புடன் திரும்பி வருகிறான். யோவான் 8ஆம் அதிகாரத்திலும் பெண் மட்டுமே கொண்டுவரப்பட்டாள். ஆடவன் கொண்டுவரப்படவில்லை என்பதை நினைவுகூர்க. இறுதியில் கொள்ளைநோயாளருக்குப் பணிவிடை செய்த ரூத், அவனுக்கும் பணிவிடை செய்து, அந்நோயாலேயே இறக்கிறாள். அவள் ஏன் இறக்கவேண்டும் என்று சார்லட் பிரான்ட்டி கேட்டது நியாயமே. மன்னிப்புப் பெற்றவள் உயிரையே விலையாகச் செலுத்த வேண்டுமெனில், அதைக் கிருபை என்று எவ்வாறு கூறுவது?

நம் சபைகளிலும் இத்தகைய செய்தி எட்டும்போது, மூப்பர் கூட்டத்தில் முதலில் எழுவது சபையின் நற்பெயர் பற்றிய கவலையே. பிள்ளையைத் தொலைவூருக்கு அனுப்பிவிடலாம் என்பர் சிலர். அந்த ஆடவனுக்கே மணமுடித்து மூடிவிடலாம் என்பர் வேறு சிலர். பெலிங்காம் மணக்க முன்வந்தபோது ரூத் மறுத்தாள் என்பதை இவர்கள் கருதிப் பார்க்கவேண்டும். நம் நாட்டில் 2012இன் போக்சோ சட்டம், 18 வயது நிறையாதவரின் இசைவை இசைவாகவே கொள்வதில்லை. குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆயருக்கு இதில் விலக்கில்லை. ஆகவே பென்சனின் பொய் நமக்குத் திறந்த வழியன்று. சட்டத்துக்கு அறிவிப்பதோடு நம் கடமை முடிந்துவிடுவதுமில்லை. மருத்துவரிடம் உடன் செல்லவும், நீதிமன்ற வாயிலில் காத்திருக்கவும், படிப்பைத் தொடரச் செய்யவும், பிறக்கும் குழந்தையின் பெயரை ஞானஸ்நானப் பதிவேட்டில் தயக்கமின்றி எழுதவும் ஒருவர் வேண்டும்.

நம் பாடத்திட்டத்தில் மனந்திரும்புதலைப் பற்றி நிரம்பப் போதிக்கிறோம். யாரை மனந்திரும்ப அழைக்கவேண்டும், யாரை அணைத்துத் தேற்றவேண்டும் என்று பகுத்தறியப் போதிக்கிறோமா? ரூத்துக்குக் கதவு திறந்த பென்சனைப் போற்றுவோம். ஆனால் நம் ஆயர் இல்லத்துக்கு வரும் சிறுமி, பெயரை மாற்றாமலும் தலை குனியாமலும் உள்ளே நுழையக் கூடியவளாக இருக்கவேண்டும்.