மலச்சிக்கலைப் பற்றி ஒரு பாட்டு

‘தி பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யூனிவர்ஸ்’ என்ற செக் ராக் குழுவைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் 1976ல்தான் தொடங்குகின்றன. செக்கோஸ்லோவாக்கியாவின் கம்யூனிஸ்ட் அரசு நீளமுடி வளர்த்த சில இசைக்காரர்களைக் கைது செய்தது. அதைக் கண்டித்து எழுத்தாளர்கள் ஒன்றுசேர்ந்தார்கள். அந்தக் கூட்டணியிலிருந்து ‘சாசனம் 77’ என்ற மனித உரிமை இயக்கம் பிறந்தது. 1989ல் ஆட்சியே கவிழ்ந்தது. சாசனத்தை முன்னெடுத்தவர்களில் ஒருவரான நாடகாசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல் அதிபரானார். ஆக, ஒரு ராக் குழு ஓர் அரசைச் சாய்த்துவிட்டது!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. டாம் ஸ்டாப்பர்ட் இந்தப் பின்னணியில் 2006ல் ‘ராக் அண்ட் ரோல்’ என்று ஒரு நாடகமே எழுதினார். எனக்கு இந்தக் கதையில் ஒரேயொரு மனக்குறை. இதில் பாட்டு இல்லை. கைது இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, கையெழுத்து இயக்கம் இருக்கிறது. அந்த ஆளுங்க என்ன வாசித்தார்கள், எதைப் பாடினார்கள் என்று கேட்டால் ‘எதிர்ப்பு இசை’ என்ற ஒற்றைச் சொல்லில் விஷயத்தை முடித்துவிடுகிறார்கள்.

சரி, பாட்டையே கேட்போம். அவர்களின் புகழ்பெற்ற தொகுப்பு ‘எகோன் போண்டிஸ் ஹேப்பி ஹார்ட்ஸ் கிளப் பேன்ட்’. எழுபதுகளின் நடுவில் ரகசியமாகப் பதிவு செய்யப்பட்டது. 1978ல் பிரான்ஸில் இசைத்தட்டாக வந்தது. அதில் ஒரு பாட்டு மலச்சிக்கலைப் பற்றியது. உண்மையாகவே மலச்சிக்கல்தான், உருவகம் கிருவகம் எல்லாம் பிறகு வந்த விமர்சகர்கள் ஏற்றியது. இன்னொன்றின் தலைப்பில் அரசு மருந்து நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. இரவு, குடி, சலிப்பு, வயிறு, இளமையிலேயே பிடித்துக்கொண்ட ஓர் அயர்ச்சி. ‘ஆட்சி ஒழிக’ எங்கேயும் இல்லை.

பேஸ் கிட்டார் ஒரே சிறு துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருக்கும். அதன்மேல் வயோலா ஒரு அறுப்பு அறுக்கும். சாக்ஸஃபோன் அலறும். பாடுகிற குரலில் உணர்ச்சியே இருக்காது, யாரோ கடைக்கணக்கு படிப்பதுபோல. முதன்முறை கேட்டபோது பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். மூன்றாவது முறைதான் அந்தத் துணுக்கு தலைக்குள் ஏறி உட்கார்ந்தது. பிறகு இரண்டு நாளைக்கு வேலையிடத்திலும் அதுவேதான் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த ஒலி எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால் 1976 ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. தேட வேண்டிய ஆண்டு 1972.

குழு தொடங்கியது 1968ல். ஆகஸ்ட் 21 அன்று வார்சா ஒப்பந்த நாடுகளின் டாங்கிகள் ப்ராக் நகருக்குள் நுழைந்த சில வாரங்களில், மிலான் ஹ்லாவ்சா என்ற பதினேழு வயதுப் பையன் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஆரம்பித்தது. பெயரே இரவல், ஃபிராங்க் ஸப்பாவின் ஒரு பாட்டிலிருந்து எடுத்தது. வாசித்ததும் பெரும்பாலும் இரவல்தான். வெல்வெட் அண்டர்கிரவுண்ட், ஃபக்ஸ், ஸப்பா என்று அமெரிக்கக் குழுக்களின் பாட்டுகளை ஆங்கிலத்தில் பாடினார்கள். உச்சரிப்புக்கு உதவ ஒரு ஆளும் கிடைத்தார். ப்ராகில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த கனடாக்காரர் பால் வில்சன் கொஞ்சகாலம் அவர்களோடு சேர்ந்தே பாடினார்.

அங்கே மேடையேறிச் சம்பளம் வாங்க அரசு உரிமம் வேண்டும். ஆக்கிரமிப்புக்குப் பின் வந்த ‘சீரமைப்பு’க் காலத்தில் பல குழுக்கள் முடியை வெட்டின, ஆங்கிலப் பெயரைச் செக் பெயராக்கின, பாட்டை மென்மையாக்கின. இவர்கள் செய்யவில்லை. 1970ல் உரிமம் போயிற்று. உரிமத்தோடு அரசு கொடுத்திருந்த கருவிகளும் போயின. குழுவிலிருந்த யோசெஃப் யானீச்செக் மெக்கானிக் வேலை தெரிந்தவர். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களின் பாகங்களைக் கழற்றி ஆம்ப்ளிஃபையர் செய்தார் என்று குழுவின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் என்பதால் இந்த இடத்தைச் சட்டென்று கடக்க முடியவில்லை. கையடக்க ரேடியோவின் டிரான்சிஸ்டர் சில நூறு மில்லிவாட் வேலைக்கானது. செய்தி வாசிப்பவர் குரல் சமையலறைவரை கேட்டால் போதும் என்று வடிவமைத்தது. அதை வைத்து ஒரு கூடத்தையே அதிரவைக்கப் பார்த்தால் ஒலியலையின் தலை தட்டையாக வெட்டுப்படும், சத்தம் கிழியும். ஒழுங்கான கருவி இருக்கிறவன் காசு கொடுத்து வாங்குகிற கிழிசல் அது.

ஆனாலும் 1972 வரை அது நகல்தான். நல்ல நகலாகக்கூட இருந்திருக்கலாம். அந்த ஆண்டு வ்ராதிஸ்லாவ் பிரபெனெட்ஸ் என்ற சாக்ஸஃபோன் கலைஞரைக் குழுவுக்கு அழைத்தார்கள். மற்றவர்களைவிட வயதில் மூத்தவர். வருகிறேன், ஆனால் நிபந்தனை உண்டு என்றார். இனி சொந்தப் பாட்டு மட்டும்தான், அதுவும் செக் மொழியில்.

என் வாசிப்பில் இந்தக் குழுவின் வரலாற்றில் மிகத் துணிச்சலான காரியம் இதுதான். ஆங்கிலத்தில் பாடியபோது ஒரு பாதுகாப்பு இருந்தது. கேட்பவருக்குப் பாதி புரியாது, போலீஸுக்கு முக்கால்வாசி புரியாது. மோசமாகப் பாடினாலும் ‘மூலம் அமெரிக்காவில் இருக்கிறது’ என்று தப்பித்துக்கொள்ளலாம். சொந்த மொழியில் மலச்சிக்கலைப் பாடும்போது தப்பிக்க இடமில்லை. பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் புரியும். அது கவிதையா குப்பையா என்று அவரே சொல்லிவிடுவார்.

சொற்களை எகோன் போண்டியிடமிருந்து எடுத்தார்கள். அவர் அச்சேற முடியாத கவிஞர், மார்க்சியத் தத்துவவாதி, அந்த ஆட்சியை இடதுபக்கத்திலிருந்து திட்டியவர். தட்டச்சுப் படிகளாகக் கைமாறிய அவர் கவிதைகளில் அலங்காரமே கிடையாது. ஹ்லாவ்சாவின் பேஸ் துணுக்கும் அந்த மொட்டையான வரிகளும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தின. ‘எதிர்ப்பு’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்தப் பொருத்தத்தை விளக்கவே முடியாது.

அரசியல் பிறகு வந்தது, போலீஸ் வண்டியில் வந்தது. 1974 மார்ச்சில் செஸ்கே புத்யோவிட்செ நகருக்கருகே கச்சேரி கேட்க வந்த இளைஞர்களைப் போலீஸ் தடியால் அடித்துத் துரத்தியது. 1976 பிப்ரவரியில் பொயனோவிட்செ என்ற ஊரில் ஒரு கல்யாணத்தையே இசை விழாவாக நடத்தினார்கள். மாப்பிள்ளை, குழுவின் கலை இயக்குநர் இவான் மார்ட்டின் யிரோஸ். அடுத்த மாதம் கைதுகள். செப்டம்பரில் தீர்ப்பு. யிரோஸுக்குப் பதினெட்டு மாதம், ‘டிஜி 307’ குழுவின் பவெல் ஸாயீச்செக்குக்குப் பன்னிரண்டு, பிரபெனெட்ஸுக்கும் பாடகர் ஸ்வதோப்ளுக் காராசெக்குக்கும் எட்டெட்டு. குற்றம் என்ன? பொது ஒழுங்கைக் குலைத்தது. அதாவது பொறுக்கித்தனம். அரசியல் குற்றம் என்ற கௌரவத்தைக்கூட அரசு அவர்களுக்குத் தரவில்லை.

ஹாவெல் இந்த வழக்கைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு சின்ன இடம் உண்டு. விசாரணை முடிந்த நாளில் ஒரு திரைப்பட இயக்குநரைத் தற்செயலாகச் சந்திக்கிறார். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டவரிடம் வழக்கைச் சொன்னால், போதைப்பொருள் சம்பந்தமா என்கிறார் அவர். அந்த மனிதரின் உலகத்தோடு தனக்கு இனி ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று ஹாவெலுக்கு அப்போது தோன்றிவிடுகிறது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். யிரோஸ் போட்டுக்காட்டிய ஒலிநாடாக்களைக் கேட்டு அந்த இசை தன்னைத் தொந்தரவு செய்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். இசையை விட்டுவிட்டு வழக்கை மட்டும் எடுத்துக்கொண்டது பின்னால் வந்தவர்கள்தான்.

ஹ்லாவ்சா தாங்கள் அரசியல் குழு இல்லை என்று பல தடவை சொல்லியிருக்கிறார். இதைப் பலர் தன்னடக்கமாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது துல்லியமான வாக்குமூலமாகத்தான் தெரிகிறது. யிரோஸ் 1975ல் எழுதிய அறிக்கையில் ‘இரண்டாம் கலாச்சாரம்’ என்று சொன்னதும் இதைத்தான். அரசு ஊடகம், அரசு அங்கீகாரம், அரசு வைத்திருக்கும் தரவரிசை எதையும் நம்பாமல் தனியே இயங்குகிற ஒரு கலை. அதன் நோக்கம் முதல் கலாச்சாரத்தை உடைப்பதல்ல, அதைக் கண்டுகொள்ளாமல் இருப்பது. திட்டுகிறவனை எப்படிச் சமாளிப்பதென்று எல்லா அரசுக்கும் தெரியும். கண்டுகொள்ளாதவனை என்ன செய்வது?

அதற்காக யிரோஸைக் கோயில் கட்டிக் கும்பிடத் தேவையில்லை. 1975ல் போஹுமில் ஹ்ரபால் ஓர் அரசு வார இதழுக்குப் பேட்டி கொடுத்துச் சமரசம் செய்துகொண்டபோது, இதே அண்டர்கிரவுண்ட் வட்டத்து இளைஞர்கள் ப்ராகின் கம்பா தீவில் அவருடைய புத்தகங்களை எரித்தார்கள். ஹ்ரபால்! போண்டியின் பழைய நண்பர், அவரைத் தன் நூலிலேயே பாத்திரமாக்கியவர். தன் புத்தகம் வாசகனிடம் போய்ச் சேரட்டும் என்று ஓர் எழுத்தாளன் தலையைக் குனிந்ததற்குப் புத்தகத்தையே எரிப்பதா? அங்கீகாரம் வேண்டாம் என்கிறவர்களுக்கும் சீக்கிரமே ஒரு தணிக்கை வாரியம் உருவாகிவிடுகிறது.

லெனின்கிராடில் வேறு மாதிரி நடந்தது. 1981ல் ருபின்ஷ்டைன் தெருவில் அனுமதியோடு ஒரு ராக் கிளப் திறந்தார்கள். பாடல் வரிகளை முன்கூட்டியே காட்டி ஒப்புதல் வாங்கவேண்டும், கேஜிபியின் கண் எப்போதும் மேலே இருக்கும். யிரோஸின் அளவுகோலில் அது முழுக்க முதல் கலாச்சாரம். ஆனால் அங்கிருந்துதான் ‘அக்வாரியம்’ வந்தது, ‘கினோ’ வந்தது. கினோவின் விக்டர் த்சோய் கொதிகலன் அறையில் கரி அள்ளிப் பிழைத்தபடி எழுதினார். மாற்றம் வேண்டும் என்ற அவருடைய பாட்டு 2020ல்கூட பெலாரஸ் தெருக்களில் ஒலித்தது. அவரோ அதை அரசியல் பாட்டு என்று ஒப்புக்கொண்டதில்லை.

இப்போது போண்டிக்கு வருகிறேன். கம்யூனிச ஆட்சி போனபின் ரகசியப் போலீஸின் கோப்புகள் திறந்தன. போண்டி வெவ்வேறு காலங்களில் அவர்களுக்குத் தகவல் கொடுத்தவர் என்பது வெளியே வந்தது. ‘எதிர்ப்பு இசை’யின் பைபிள் என்று கொண்டாடப்பட்ட தொகுப்பின் தலைப்பிலேயே பெயர் இருக்கும் கவிஞர் ஒரு உளவாளி.

எதிர்ப்பு மட்டும்தான் அளவுகோல் என்றால் அந்தத் தொகுப்பை அன்றே குப்பையில் போட்டிருக்கவேண்டும். யாரும் போடவில்லை. போண்டியை மன்னிக்கிற உரிமை எனக்கில்லை. அது அவரால் பாதிக்கப்பட்டவர்கள் தீர்மானிக்க வேண்டியது. ஆனால் கோப்பைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு மலச்சிக்கல் பாட்டைத் திரும்பக் கேட்டேன். பேஸ் துணுக்கு அப்படியே இருந்தது. வரிகளின் வெறுப்புதான் இன்னும் கொஞ்சம் கருமையாகக் கேட்டது. பாடப்படுகிற அந்த அருவருப்பு ஊரைப் பற்றியது மட்டும்தானா, எழுதியவனுக்குத் தன்மீதே இருந்ததா என்று யோசிக்க வைத்தது. ‘வீரர்களின் இசை’ என்று கேட்டிருந்தால் இந்த அடுக்கு என் காதில் விழுந்தே இருக்காது.

இதையெல்லாம் மலேசியாவில் உட்கார்ந்துகொண்டு ஏன் எழுதவேண்டும்? நம் இலக்கியச் சந்திப்புகளில் ஒரு கதையைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் ‘இது தோட்டத்து மக்களின் வலியைப் பேசுகிறது’ என்பார்கள். ‘ஒடுக்கப்பட்டவர்களின் குரல்’ என்பார்கள். எல்லாரும் தலையாட்டுவோம். வாக்கியம் எப்படி நகர்கிறது, பாத்திரம் உயிரோடிருக்கிறதா என்று அதற்குமேல் யாராவது கேட்டால் ஏதோ வலியையே அவமதித்துவிட்டதுபோல் முகம் சுளிப்பார்கள். வலி உண்மைதான். அதை எழுதிய கதை இரவல் நடையில் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. பிரபெனெட்ஸ் தன் நிபந்தனையைச் சொன்னபோது ஊரில் டாங்கிகள் வந்து நான்காண்டு ஆகியிருந்தது, குழுவின் உரிமம் பறிபோய் இரண்டாண்டு ஆகியிருந்தது. அப்படியிருந்தும் அவர் முதலில் கேட்டது பாட்டு நம்முடையதா என்பதைத்தான்.

கதையின் மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வில்சனை 1977ல் நாட்டைவிட்டு அனுப்பினார்கள். அவர் பின்னாளில் ஹாவெலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். பிரபெனெட்ஸ் எண்பதுகளின் தொடக்கத்தில் நெருக்கடி தாங்காமல் கனடாவுக்குப் போனார். யிரோஸ் திரும்பத் திரும்பச் சிறைக்குப் போய், மொத்தமாக எட்டாண்டுக்கு மேல் உள்ளே இருந்து, அங்கேயே தன் சிறந்த கவிதைகளை எழுதினார். 1988ல் குழு உடைந்தது. சாசனத்தின் இருபதாம் ஆண்டான 1997ல் மீண்டும் கூடியது. ஹ்லாவ்சா 2001ல் புற்றுநோயால் இறந்தார்.

கேட்க நினைப்பவர்கள் போண்டி தொகுப்பில் தொடங்கவேண்டாம், என்னைப்போல் பத்தாவது நிமிடத்தில் நிறுத்திவிடுவீர்கள். ஏசுவின் பாடுகளை வைத்துச் செய்த ‘பாஷியோவே ஹ்ரி’யை முதலில் கேளுங்கள். 1978ல் ஹாவெலின் பண்ணை வீட்டில் பதிவானது. சொற்களை அமைத்தவர் பிரபெனெட்ஸ். செக் மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வயோலாவையும் சாக்ஸஃபோனையும் மட்டும் கவனியுங்கள். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு கேளுங்கள், வீட்டில் இருப்பவர்கள் பாவம்.