சந்தையும் தரகும்

விடியுமுன்னரே விழித்துவிடுகிறது திருச்சி காந்தி மார்க்கெட். மூட்டை சுமக்கும் தொழிலாளி, மண்டியில் கணக்கெழுதும் வணிகர், தரையில் கீரைக்கட்டு விரித்திருக்கும் மூதாட்டி ஆகிய அனைவருக்கும் அது வாழ்வளிக்கிறது. ஆனால் ஆள்வோரின் செவிக்கு இவர்களுள் எவர் குரல் எட்டுகிறது?

ஏறத்தாழ 77 கோடி ரூபாய் செலவில் கள்ளிக்குடியில் புதிய வணிக வளாகம் எழுந்தது. 2017இல் திறப்பு விழாவும் கண்டது. தொலைவு என்றனர் வணிகர், கடைகள் சிறியவை என்றனர், செல்ல மறுத்தனர். 2020இல் நோய்த்தொற்றால் மூடப்பட்ட மார்க்கெட்டைத் திறக்கக் கோரிச் சங்கங்கள் முழங்கின. வழக்கும் நடந்தது. நவம்பரில் மார்க்கெட் திறந்தது. கள்ளிக்குடி காத்தே கிடந்தது!

சங்கம் சேர்ந்ததைக் குற்றமென்று கூறோம். விண்ணப்பமும் கடையடைப்பும் ஊரறிய நடப்பவை. செல்லவேண்டியவர்கள் ஏற்காத கட்டடத்தை எழுப்பியது அரசின் பிழையே. நாம் கேட்பது வேறு: கீரைக்கார மூதாட்டிக்காகக் கோட்டை வாயிலில் காத்திருந்தவர் யார்?

உள்ளூர்ச் சங்கத்தையாவது நாம் கண்ணால் காண்கிறோம். கடல் கடந்து வரும் செல்வாக்கைக் காண்பதெப்படி? 2012இல் பல்பொருள் சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு அந்நிய முதலீட்டுக்கு மத்திய அரசு இசைந்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே ஒரு செய்தி வெடித்தது. 2008 முதல் ஏறத்தாழ 2.5 கோடி டாலரை அமெரிக்க அரசியலாரிடம் ஆதரவு தேட வால்மார்ட் செலவிட்டிருந்தது. அது பேசிய பல பொருள்களுள் இந்தியச் சந்தையில் நுழைவதும் ஒன்று! நாடாளுமன்றம் கொதித்தது. 2013இல் நீதிபதி முகுல் முத்கல் விசாரணைக்கு அமர்த்தப்பட்டார்.

அச்செய்தியை நமக்கு அளித்தது எது? ஒற்றரல்லர், அந்நிறுவனமே அளித்த கணக்கு! ‘லாபி’ செய்வோர், எதற்காக, எவ்வளவு பெற்றோம் என்று பதிவு செய்யவேண்டும் என்பது அமெரிக்காவின் 1995ஆம் ஆண்டுச் சட்டம். பணத்தின் பலத்தை அது ஒழிக்கவில்லை, பலரறியச் செய்தது. நம் நாட்டிலோ அத்தகைய சட்டமே இல்லை. இங்கே தரகு இல்லை என்பதா அதன் பொருள்? இல்லை, தரகுக்குக் கணக்கில்லை என்பதே பொருள்!

கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவே தரகர் எதற்கு என்று கேட்டவர்கள் நாம். ஆட்சிக்கும் குடிமக்களுக்கும் நடுவே நிற்கும் தரகரைக் கண்டு வாளாவிருப்பது முறையா? அமைச்சரை யார் கண்டார், எதற்காகக் கண்டார் என்பதைப் பதிவேட்டில் எழுதக் கோருவோம். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையிலிருக்கிறது. கேள்வி கேட்போம், தோழர்களே!

பணமுள்ளவன் காதோடு பேசுகிறான். கீரைக்கட்டு விற்பவளோ தெருவில் கூவுகிறாள். தெருக்குரல் கேட்கும் கோட்டையே மக்களாட்சியின் கோட்டை.