வளைந்த சாலையும் மறைந்த கற்களும்

தர்காக்களைப் பற்றி நம்மவர் எழுதும் கட்டுரைகளில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. சாலை போட வந்தவர்கள் ஓர் இறைநேசரின் கபுறை அசைக்க மாட்டாமல், சாலையையே வளைத்துக்கொண்டு போனார்கள் என்பது அது. சிங்கப்பூர் பாமர் சாலையில் அடங்கியிருக்கும் ஹபீப் நூஹ் (ரஹ்) அவர்களைக் குறித்தே இது பெரிதும் சொல்லப்படுகிறது. 1866-இல் மறைந்த அப்பெரியார் துயிலும் குன்றின் பெரும்பகுதி கடலைத் தூர்ப்பதற்காக வெட்டப்பட்டது. பின்னர் விரைவுச்சாலையும் அருகே வந்தது. கபுறோ இருந்த இடத்திலேயே இருக்கிறது.

கராமத்தை நாம் ஐயுறவில்லை. கட்டுரை அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறதே என்பதுதான் நம் குறை. அதே நகரில் பிடாதாரி என்னும் மையவாடி இருந்தது. அதன் முஸ்லிம் பகுதி 1910-இல் திறக்கப்பட்டது. 1972-இல் அடக்கம் நின்றது. 2001 முதல் 2006 வரை ஏறத்தாழ 68,000 முஸ்லிம் கபுறுகள் தோண்டப்பட்டு, எச்சங்கள் சுவா சூ காங்கில் மறு அடக்கம் செய்யப்பெற்றன. இன்று அங்கே அடுக்குவீடுகள் நிற்கின்றன. நிலத்தடியில் ரயில் ஓடுகிறது. நினைவுத் தோட்டத்தில் வைக்கப்பட்ட கற்கள் மிகச் சிலவே. அக்கரைக்குச் சபுராளிகளாகச் சென்று திரும்பாதவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்! அவர்களுக்காக எந்தச் சாலையும் வளையவில்லை. எந்தக் கட்டுரையும் எழுதப்படவில்லை.

காரைக்காலை எடுத்துக்கொள்வோம். 2009-இல் வாஞ்சூரில் துறைமுகம் வந்தது. 2011-இல் நாகூர் ரயில்பாதை வந்தது. 1987-இல் நின்றுபோன பேரளம் பாதையும் மீண்டும் போடப்பட்டது. இவையெல்லாம் நிலம் கேட்பவை. நாளை மஸ்தான் சாகிபு வலியுல்லாஹ் தர்காவுக்கு ஓர் இடையூறு என்றால் ஊரே திரண்டு நிற்கும்; கந்தூரிக்கு வருகின்ற பிற மதத்தாரும் உடன் நிற்பர். மையவாடியின் ஓரத்தில் சாய்ந்து கிடக்கும் மீசான் கல்லுக்கு யார் நிற்பார்?

சாலையை மட்டும் குற்றம் சொல்வதும் நேர்மையன்று. உடல் மண்ணாகிவிட்ட இடத்தில் மற்றொரு ஜனாஸாவை அடக்க ஷாபிஈ மத்ஹபு இடம் தருகிறது. பழைய கல் அவ்வாறு நம் கையாலேயே பிடுங்கப்பட்டு மதிலோரம் போகிறது. அதிலும் பிழையில்லை. கபுறுகளைச் சுண்ணம் பூசி எழுப்பலாகாது என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. ஆகவே, கல்லுக்கு மண்டபம் கட்டுங்கள் என்று நாம் கேட்கமாட்டோம். கல்லைப் படித்துவிட்டுப் பிடுங்குங்கள் என்பதே நம் வேண்டுகோள்.

நம் இலக்கிய வரலாற்றாசிரியர்கள் காப்பியங்களிலேயே கண்ணாக இருக்கின்றனர். பெயர், தந்தை பெயர், ஹிஜ்ரி ஆண்டு, ஒரு துஆ என்று நான்கு வரியே கொண்ட இந்த எழுத்தை அவர்கள் எழுத்தாகவே கருதுவதில்லை. காரைக்காலுக்கோ வேறெங்கும் எளிதில் வாய்க்காத ஒரு வசதி உண்டு. 1954 வரை நடந்த பிரெஞ்சு ஆட்சி பிறப்பு இறப்புப் பதிவேடுகளை விட்டுச் சென்றிருக்கிறது. கல்லிலுள்ள ஹிஜ்ரி ஆண்டை அவற்றோடு ஒப்பிட்டால், எந்தக் குடும்பத்தார் எப்போது கரையேறினர், எப்போது கடல் கடந்தனர் என்பது துலங்கும்.

மத்ரஸாவின் மூத்த மாணவர் இருவரும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். தேங்காய் நாரும் தண்ணீரும் கொண்டு கல்லைக் கழுவலாம். எழுத்தின்மேல் வர்ணம் மட்டும் தீட்ட வேண்டாம். பள்ளத்தில் சாயம் இறங்கிப் புள்ளிகள் தூர்ந்துவிட்டால், அது பேயா தேயா என்று பின்னால் எந்த ஆலிமாலும் சொல்ல முடியாது.